பதினேழாம் கணினி கத்திய வாரம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதில் நான் செய்தவை பலவற்றுக்கும் அதுதான் காரணம். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அங்கே யாராவது வாசலில் வந்து நின்று "ஆபீஸ்ல கூப்பிடுறாங்க" என்றால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். நல்ல சேதி சொல்ல ஆபீஸ் யாரையும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. பிறகு ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, நாங்கள் டவுனுக்கு வந்தோம், நான் டிப்ளோமா படித்தேன், ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் கணினி டெக்னீசியன் ஆனேன், உலு திராமில் வீடும் வாங்கினேன். ஆனால் ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டால் வாசலை எட்டிப் பார்ப்பது மட்டும் இன்றுவரை போகவில்லை.

கல்லூரி என்றதும் பெரிய வளாகத்தை நினைக்க வேண்டாம். நான்கு மாடிக் கடைவீடுகள் இரண்டைச் சேர்த்து நடத்துகிற இடம் அது. மூன்றாம் மாடியில் கணினிக் கூடம். நாற்பது கணினிகள், எல்லாம் பழசு. அவற்றை உயிரோடு வைத்திருப்பது என் வேலை. கூடத்தைத் திறப்பது, பெருக்குவது, சாயங்காலம் ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அடைத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது எல்லாம் ஓர் அக்காவின் வேலை. ஐம்பதைத் தாண்டியவர். இரண்டு பஸ் மாறி வருவார். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை அவருக்கு. என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பெருமாள் கோயிலில் பொங்கல் கொடுத்தால் எனக்கும் ஒரு பொட்டலம் வரும். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன் என்பதால் ஒவ்வொரு தடவையும், "சாப்பிடுவீங்கதானே தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் கொடுப்பார்.

பழுது பார்த்த கணினி உண்மையிலேயே தேறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதற்கு மூச்சுவிட முடியாத அளவுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும். ஓடி முடித்தால் ஆள் சரி. நடுவில் படுத்துக்கொண்டால் மறுபடி ஸ்குரூடிரைவரை எடுக்க வேண்டியதுதான். அதற்கென்று எங்கள் தொழிலில் பலரும் வைத்திருக்கிற ஒரு புரோகிராம், உண்மையில் வேறு ஒரு வேலைக்காக எழுதப்பட்டது. அது பகா எண் தேடுகிற புரோகிராம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண்ணைத்தான் பகா எண் என்கிறோம். ஏழு, பதின்மூன்று எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே பார்த்தவை. இவர்கள் தேடுவது கோடிக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் வருகிற எண்களில் எப்போதாவது ஒன்று அப்படி அமையும். ஓர் எண்ணைச் சோதிக்கவே ஒரு கணினிக்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் உலகம் முழுக்க யார் யாரோ தங்கள் வீட்டுக் கணினியை இதற்கு இரவல் கொடுக்கிறார்கள். கூலி கிடையாது. நடுவே இருக்கிற ஒரு சர்வர் ஆளுக்கொரு எண்ணைப் பங்கு போட்டுக் கொடுக்கும். கணினி சும்மா இருக்கும் நேரத்திலெல்லாம் புரோகிராம் பின்னால் ஓடி, கடைசியில் ஒரு பதிலை அனுப்பும். பதில் எப்போதும் ஒன்றுதான்: பகா எண் அல்ல.

எனக்கு அது பிடித்துப்போனது. வீட்டில் ஆறு வருடம் ஒரே கணினியில் ஓட்டினேன். 'அல்ல, அல்ல' என்று வந்துகொண்டே இருந்தது. என் மனைவி சிங்கப்பூரில் வேலை பார்ப்பவள், விடியுமுன் பாலம் கடந்து போகிறவள். கணினியின் மூலையில் ஓடும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு, "கோடி நம்பரு தேடுறீங்க, லாட்டரிக்கு ஒரு நாலு நம்பரு எடுத்துக் குடுக்கத் தெரியல" என்பாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கணக்கு முடிகிற நாளில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். யாரும் பார்த்திராத ஒன்று என் வீட்டு மேசையில் வந்து விழலாம் அல்லவா? எங்கள் குடும்பத்தில் எவருக்கும் எதுவும் முதலில் கிடைத்ததில்லை.

கல்லூரியில் நடந்தது ஒரு தவறில்தான் ஆரம்பித்தது. பழுது பார்த்த கணினிகளைச் சோதிக்க அந்தப் புரோகிராமைப் பயன்படுத்த நிர்வாக மேலாளரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். அவர் ஒரு மலாய் அம்மா. எல்லாரும் 'புவான்' என்போம். "டெஸ்ட்தானே, போலே லா" என்று தலையாட்டிவிட்டார். ஒரு பள்ளி விடுமுறையில் நாற்பது கணினிகளையும் துடைத்துப் புதிதாக ஏற்ற வேண்டி வந்தது. ஒவ்வொன்றாக ஏற்றினால் மாதம் ஆகும். அதனால் ஒரு கணினியை முழுக்கத் தயார் செய்து, அதன் டிஸ்க்கை அப்படியே மற்றவற்றுக்குப் பிரதி எடுப்போம். அதற்கு மாஸ்டர் என்று பெயர். நான் மாஸ்டராக எடுத்த கணினியில் அந்தப் புரோகிராம் இருந்தது. சும்மா இருந்தாலும் பரவாயில்லை, என் பெயரிலேயே சர்வரோடு இணைந்து, கணினியைத் திறந்ததும் தானே ஓடுகிற நிலையில் இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டேன். நாற்பதிலும் ஏறிவிட்டது.

மறுநாள் என் கணக்குப் பக்கத்தைத் திறந்தால் என் பெயருக்குக் கீழே கணினிகள் வரிசையாக முளைத்திருந்தன. ஒன்று, இரண்டு, பன்னிரண்டு, நாற்பது. முதலில் பதறினேன். பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம், கை மௌசில்தான் இருந்தது. எடுக்கவில்லை. 'இந்த வாரம் ஓடட்டும், அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அந்தப் புரோகிராமைச் சேர்க்கும்போதே, 'இது என் சொந்தக் கணினி, அல்லது உரியவரின் அனுமதி உண்டு' என்று ஒப்புக்கொண்டுதான் சேர்ந்திருந்தேன். டெஸ்ட்டுக்கு வாங்கிய அனுமதியை இதற்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அக்கா மெயினை அடைத்தால் எல்லாம் நின்றுவிடும். அதனால் ஒரு சாயங்காலம் அவரிடம் போய், "அக்கா, இனிமே மெயின அடைக்காதீங்க. அப்டேட் ஓடுது. நடுவுல அடைச்சா கெட்டுப் போயிடும்" என்றேன்.

"எத்தன நாளைக்கு தம்பி?"

"நான் சொல்ற வரைக்கும்."

"சரி தம்பி" என்றார். பதிவேட்டில் அன்றும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். 'அடைக்கப்பட்டது' என்ற கட்டத்தில்தான் போட்டார். வேறு கட்டம் அதில் இல்லை.

எட்டு மாதம் நான் 'இனி அடைக்கலாம்' என்று சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில் எனக்கு நிம்மதியான நாள் ஒன்றுகூட இருந்ததா என்றால் இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். புவானின் நம்பர் போனில் தெரிந்தால் நாலைந்து தடவை அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். கூடத்துக்குள் நுழைந்தால் காற்றாடிகளின் இரைச்சல் காதில் அறையும். மற்றவர்களுக்குக் கேட்கவில்லையா என்று முகங்களைப் பார்ப்பேன். அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் அடிக்கடி ஒரு செய்தி வந்துகொண்டிருந்தது. கடைவீடுகளில் பூட்டிய கதவுக்குப் பின்னால் கணினிகளை அடுக்கி, மின்சாரம் திருடி, பிட்காயின் தோண்டுகிறார்கள் என்று போலீசும் மின்சாரக்காரர்களும் கதவை உடைத்து நுழைந்த செய்தி. படத்தில் அந்தக் கணினிகளைப் பார்த்தேன். என்னுடையவை இன்னும் சுத்தமாக அடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். அப்போதாவது எடுத்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணினியும் பாதிக் கணக்கில் இருந்தது. இந்த ஒன்று முடியட்டும், இந்த ஒன்று முடியட்டும் என்றே நாள் போனது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணி. மாணவர்களுக்குப் பரீட்சை விடுப்பு, கூடம் காலி. நான் கீழ் மாடியில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா துடைப்பத்தோடு படியிறங்கி வந்தார்.

"தம்பி, பதினேழாம் நம்பரு கம்ப்யூட்டர் பீப் பீப்னு கத்துது. நிக்கவே மாட்டேங்குது. நெருப்பு கிருப்பு புடிச்சிருச்சானு தொட்டுப் பாத்தேன், இல்ல."

எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் புரோகிராம் கத்துவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். ஆறு வருடமாக நான் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்ட சத்தம் அது. படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. திரையைத் திறந்தேன். நீளமான வரி. அதன் முடிவில், இது பகா எண், என்று இருந்தது. இந்தச் சோதனையில் கடைசியில் பூஜ்யம் வந்தால்தான் அப்படி.

அந்த நொடியில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் வந்தது குளிர். அந்தப் பதில் ஏற்கெனவே தானாக சர்வருக்குப் போய்விட்டிருந்தது, என் பெயரோடும் 'கூடம்-17' என்ற கணினியின் பெயரோடும். உண்மையானால் உலகம் முழுக்கச் செய்தியாகும். எந்த ஊர், எந்தக் கணினி, யாருடையது என்று கேட்பார்கள். உண்மையில்லை என்றால் ஆறு வருடத்தில் வந்த ஒன்றும் போய்விடும். இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

பின்னால் அக்கா நின்றிருந்தார். "என்ன தம்பி, கெட்டுப் போச்சா?"

"இல்லக்கா. அப்டேட் முடிஞ்சிருச்சு" என்றேன்.

"இதுக்கா இப்புடி கத்துது? அலமாக்!" என்று சிரித்துவிட்டுக் கூட்டப் போனார். நான் சத்தத்தை அடைத்தேன்.

மதியத்துக்குள் மின்னஞ்சல் வந்தது. அந்தத் தேடலை நடத்துகிறவர்களில் ஒருவர் எழுதியிருந்தார். வாழ்த்து இல்லை, மரியாதையான எச்சரிக்கைதான். இப்படி ஒரு பதில் வந்தால், இதைவிடப் பலமடங்கு வேகமான வேறு கணினியில், வேறு புரோகிராமில், வேறு ஆட்கள் முதலிலிருந்து கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். நாலைந்து நாள் ஆகும். அதுவரை யாரிடமும் சொல்லக் கூடாது. கணக்கின் கோப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இது அவர்கள் எல்லாருக்கும் வைத்திருக்கிற வழக்கம். எனக்கோ சட்டப்படி வாயை மூட ஒரு காரணம் கிடைத்த மாதிரி இருந்தது.

மூன்று மணிக்கு போன் அடித்தது. "ஆபீஸுக்கு வாங்க" என்றார் குமாஸ்தாப் பெண்.

புவானின் அறையில் அக்கா இருந்தார். உட்காரச் சொல்லியிருந்தும் நின்றுகொண்டிருந்தார். விடுமுறையிலும் மூன்றாம் மாடி மின்சாரம் குறையவே இல்லை என்று போன வாரம் ஒரு எலெக்ட்ரீசியன் வந்து அளந்திருக்கிறார். இரவு பகலாக ஓடியிருக்கிறது. பதிவேட்டில் மட்டும் எட்டு மாதமாக 'அடைக்கப்பட்டது' என்று அக்காவின் கையெழுத்து. புவான் பேப்பர் படிக்கிறவர். அவருக்கு உடனே பிட்காயின் ஞாபகம் வந்துவிட்டது. யாருக்காவது சாவியைக் கொடுத்தீர்களா, யாராவது உள்ளே வருகிறார்களா என்று அக்காவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் மலாய் எல்லாம் மார்க்கெட் மலாய். பயத்தில் அதுவும் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் அக்காவின் முகம் தெளிந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "இதோ தம்பி வந்துட்டாரு. நீங்களே சொல்லுங்க தம்பி, அப்டேட்டுன்னு நீங்கதானே அடைக்க வேணாம்னீங்க?" என்றார்.

புவான் என் பக்கம் திரும்பி, "பெத்துல் கா?" என்று கேட்டார். உண்மையா என்று.

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. பதறி உளறிவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். நாலு நாள் என்று நினைத்தேன். நாலே நாள். பகா எண் உறுதியாகட்டும். கையில் அதோடு இந்த அறைக்குள் வந்தால் இதே புவான் எனக்குக் கை கொடுப்பார். கல்லூரியின் பெயர் பேப்பரில் வரும். அப்போது அக்காவையும் காப்பாற்றிவிடலாம். இப்போது சொன்னால் நான் வெறும் திருடன். அதையெல்லாம் ஒரு மூச்சுக்குள் கணக்குப் போட்டேன்.

"ஒரு தடவ சொன்னேன் புவான். மார்ச் மாசம், ஒரு வாரத்துக்கு மட்டும்" என்று மலாயில் சொன்னேன்.

பைபிளில் மறுதலித்த சீடனுக்குக் கூவிய மாதிரி கோழி ஒன்றும் கூவவில்லை. ஏர்கான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு அந்த மலாய் விளங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் நான் இன்னொன்றும் செய்தேன். நாளைக் காலையில் வெளிக் கம்பெனி ஆட்கள் வந்து கணினிகளைச் சோதிப்பார்கள் என்று தெரிந்ததும், நாற்பதிலிருந்தும் அந்தப் புரோகிராமை ஒரே கட்டளையில் துடைத்தேன். பதினேழாம் கணினியின் கோப்பை மட்டும் ஒரு பென்டிரைவில் ஏற்றி மணிபர்சில் வைத்துக்கொண்டேன். பயத்தில் செய்தேன். பயத்தில் செய்தாலும் ஒன்றுவிடாமல் ஒழுங்காகத்தான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கணினிகளில் ஒன்றும் இல்லையென்றால் யாரோ வெளியாள் தன் சாமானைக் கொண்டுவந்து வைத்து, மின்சாரம் எடுத்துவிட்டு, விசயம் தெரிந்ததும் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அப்படியானால் சாவி யாரிடம் இருந்தது? இப்படி நான் அழித்தது அத்தனையும் அக்காவின் தலையில் போய் உட்கார்ந்தது. பதினொரு மணிக்கு அக்கா ஆங்கிலத்தில் அடித்த ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கடமையில் கவனக்குறைவு என்று அதில் இருந்ததாம். கடிதம் வரும்வரை வீட்டில் இருங்கள், விசயத்தைப் போலீசுக்குக் கொண்டுபோவதா என்று திங்கள்கிழமை முடிவு செய்வோம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் இரண்டாம் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். குடை இல்லாமல் மழையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். இறங்கிப் போய்க் கூப்பிட்டிருக்கலாம்.

போலீஸ் என்ற சொல் அன்றிலிருந்து கூடவே வந்தது. மோட்டாரில் தெப்ராவ் சாலையில் போகும்போது பின்னால் வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காரையும் கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மின்னஞ்சலைத் திறந்தேன். இரவில் தூக்கமே இல்லை. பயத்தை எனக்காகப் பட்டேனா, அக்காவுக்காகப் பட்டேனா என்று இப்போது கேட்டால், பெரும்பங்கு எனக்காகத்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி என் கையிலிருந்த போனைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த நம்பரு இல்லன்னு வந்துச்சுன்னா?"

"வந்தா... போய்ச் சொல்லிருவேன்."

"ஆமான்னு வந்தாலும் சொல்லத்தானே போறீங்க. அப்பறம் எதுக்கு வெயிட் பண்றீங்க?"

கோபப்பட்டேன். உனக்கு இதெல்லாம் விளங்காது என்று கத்தினேன். அவள் எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை தமிழ்ப் பூசைக்குப் போனோம். மண்டியிட்டேன். எதைக் கேட்பது? அது பகா எண்ணாக இருக்கட்டும் ஆண்டவரே என்று கேட்டால், உலகமே என்னைத் திரும்பிப் பார்க்கும், எல்லாம் வெளியே வரும். இல்லாமல் போகட்டும் என்று கேட்டால், வெறுங்கையோடு அந்த அறைக்குள் போக வேண்டும். அப்போதுதான் உறைத்தது. அந்த எண் பகா எண்ணா இல்லையா என்பது நான் பிறக்குமுன், இந்த உலகமே பிறக்குமுன் தீர்ந்துபோன விசயம். கடவுளிடம் கேட்டு மாற்றுகிற காரியம் அது இல்லை. கேட்டிருக்க வேண்டிய ஒன்று வேறே இருந்தது, இப்போதே எழுந்து போகிற தைரியம். அதைக் கேட்கப் பயமாக இருந்தது. கொடுத்துவிடுவாரோ என்று.

திங்கள்கிழமை எட்டே முக்காலுக்கு, கல்லூரி வாசலில் மோட்டாரை நிறுத்தும்போது மின்னஞ்சல் வந்தது. இரண்டு வேறு கணினிகளில் சரிபார்த்தார்கள். இரண்டும் ஒரே பதில். பகா எண் அல்ல. என் கணினியில் மெமரி கெட்டிருக்கலாம், சோதித்துப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். புரோகிராமின் புதிய பதிப்பில் இந்த மாதிரிப் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் வசதி இருக்கிறது, அதை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றும், உங்கள் பங்களிப்புக்கு நன்றி என்றும் இருந்தது. மாஸ்டரில் நான் வைத்திருந்தது பழைய பதிப்பு. பழைய கணினிக்குப் பழையது போதும் என்று நானே வைத்தது.

ஹெல்மெட்டோடு கொஞ்ச நேரம் நின்றேன். முதலில் ஒரு நிம்மதி வந்தது. உலகத்துக்குத் தெரியாது என்ற கேவலமான நிம்மதி. புரோகிராமைத் துடைத்தாயிற்று, பென்டிரைவைச் சாக்கடையில் போட்டால் எவனுக்கும் தெரியாது என்று ஒரு குரல் சொன்னது. நான் அந்த வேலையைச் செய்யக்கூடியவன்தான் என்பது வியாழக்கிழமையே தெரிந்துவிட்டதால், அந்தக் குரலுக்கு நேரம் கொடுக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினேன். கழற்ற நின்றால் திரும்பிவிடுவேன் என்று பயம்.

புவானின் மேசையில் பென்டிரைவை வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் டிஸ்க், நாற்பது கணினி, அப்டேட் பொய், வியாழக்கிழமைப் பொய், துடைத்தது. அவர் பென்டிரைவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைசியில், "இதில் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார்.

"ஒன்னும் கிடைக்காது புவான்."

"காசு?"

"இல்ல புவான். நம்பர் கிடைச்சா பேர் போடுவாங்க. கிடைக்கல."

அவர் நம்பவில்லை. காசுக்காக என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஒன்றுமே கிடைக்காததற்காக ஒருவன் எட்டு மாதம் திருடுவானா, அதற்காக இன்னொருத்தியை மாட்டிவிடுவானா என்று மறுபடி மறுபடி கேட்டார். அந்தக் கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு பென்டிரைவைத் திறந்து பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். மதியம் இரண்டு மணிக்கு என்னை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். போலீஸ் வேண்டாம் என்று விட்டது அவர் பெருந்தன்மை. அக்காவை மறுநாள் வேலைக்கு வரச் சொல்லி போன் போட்டார்கள். அக்கா கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துவிடுங்கள் என்று கேட்டேன். ஃபைலுக்குப் போன காகிதத்தை எடுக்க முடியாது, பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டுமானால் வைக்கலாம் என்றார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் அக்காவின் ஃபிளாட்டுக்குப் போனேன். நாலாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரும்புக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றார். திறக்கவில்லை. நான் வெளியிலேயே நின்று சொன்னேன், எல்லாவற்றையும், பகா எண் என்றால் என்ன என்பதையும் சேர்த்து. மன்னிச்சிருங்கக்கா என்றேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நாலு நாளா போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அந்தத் தம்பி பயத்துல சொல்லிட்டாரு, வீட்டுக்குப் போயி யோசிச்சிட்டு போன் பண்ணுவாருன்னு. என் மவகிட்டகூட உங்க பேர சொல்லல. நீங்களும் போனுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்திருக்கீங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஒன்னு கேக்குறேன். அந்தக் கணக்கு சரியா வந்திருந்தா, இன்னிக்கு இங்க வந்திருப்பீங்களா சார்?"

அவர் என்னை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வந்திருப்பேன்க்கா" என்றேன்.

"சரி சார், பாத்துப் போங்க, படியில லைட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்கதவைச் சாத்தினார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வேலை போன பயம் அப்போது இல்லை, போலீஸ் பயமும் இல்லை. ஆனால் சற்று முன் அவரிடம் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.